எர்சிலியாவின் கெட்டி மங்கூ

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அத்தனை வருடத்தில் நான் அணைத்த தீயை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி வைத்தால் கரீபியக் கடல் மூன்று நாளைக்குக் கொதிக்கும். என் மனைவி எர்சிலியா இதை ஒப்புக்கொள்வதில்லை. மொத்தம் பதினான்கு தீ, அதில் ஐந்து வெறும் குப்பை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இருக்கட்டும். சூடான ஒன்றின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் போன மார்ச் மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் முதல் வாரம் எர்சிலியாவுக்கு மிச்சமிருந்த பதினோரு பற்களையும் பிடுங்கிவிட்டார்கள். ஈறு ஆறியதும் பல்செட் வைப்பதாக ஏற்பாடு. வலியை அவள் பொருட்படுத்தவில்லை. வாய் பொக்கையாகிவிட்டதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஆடுநாற்காலியை வாசலிலிருந்து உள்ளறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் வாயை மூடியபடி உட்கார்ந்துவிட்டாள். ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன், நான் என்ன கைக்குழந்தையா என்றாள். கோழிச்சாறு கொடுத்தேன், நோயாளிக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலையில் மங்கூ, எங்கள் ஊர் வாழைக்காய் மசியல். அதோடு வழக்கமாக வரும் பொரித்த சலாமி, பொரித்த பாலாடைக்கட்டி, முட்டை, மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயம் எதுவும் வேண்டாம், வெறும் மங்கூ போதும் என்று அவள் இறங்கி வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எர்சிலியா எதிலும் இறங்கி வருகிறவள் இல்லை.

பத்து நாளில் பாதியாக இளைத்துவிட்டாள். அவள் சன்னலோரம் உட்கார்ந்தால் பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரில் தேதி தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று பல் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற மனுஷி அவள். ஆகவே நான் அடுப்படிக்குள் நுழைந்தேன்.

பச்சை வாழைக்காயைத் தோலுரித்தேன். பால் பட்டு என் பத்து விரலும் கரியாய்ப் போயின. உப்புப் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து, சூடு ஆறுமுன் வெண்ணெய் போட்டு ஒரு பாட்டிலின் அடிப்பக்கத்தால் மசித்தேன். மசித்த நிமிடத்தில் மேகம் மாதிரி இருந்தது. உள்ளறைக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் கரண்டியை எடுத்து, சிலுவைக்குறி போட்டு, என்னை ஒரு முறை முறைத்து, வாயைத் திறப்பதற்குள் அது இறுகத் தொடங்கியிருந்தது. மூன்றாவது கரண்டியில் கரண்டி உள்ளே போக மறுத்தது. மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டேன். சேவல் அதை இரண்டு முறை கொத்திவிட்டு, ஒரு ஆணியைக் கொண்டுவந்து அடிக்கச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தது.

அடுத்த நாள் வெண்ணெயை இரட்டிப்பாக்கினேன். அதற்கடுத்த நாள் எண்ணெய். பிறகு சூடான பால். பிறகு வாழைக்காய் கரைந்தே போகிற அளவுக்கு இரண்டு மணி நேரம் வேகவைத்தேன். எப்படிச் செய்தாலும் கால் மணியில் செங்கல். எர்சிலியாவிடமே கேட்டேன், எப்படி மெத்தென்று வைத்திருப்பது என்று. கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மங்கூன்னா கெட்டியாத்தான் இருக்கும். நீ பண்றது சரியாத்தான் இருக்கு. என் வாய்தான் சரியில்ல."

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எர்சிலியா செய்யும் மங்கூவும் இப்படித்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நாற்பத்தொரு வருடமாகக் கெட்டி. எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கடியில் தொண்ணூற்றெட்டாம் வருடத்துப் புயலுக்கு முந்தின நாள் செய்த மங்கூ துண்டு ஒன்று இருக்கிறது. புயலில் கூரை போனது, மேசை ஆடவில்லை. அதைத் தின்று வளர்ந்த என் இரண்டு மகன்களும் கரும்பைத் தோலோடு கடிப்பார்கள். ஆனாலும் ஒருநாள்கூட நான் வாய் திறந்ததில்லை. தினமும் தட்டை வழித்துச் சாப்பிட்டு, இதைப்போல் ஊரில் எவள் செய்வாள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

மெத்தென்ற மங்கூ ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆறு வருடம் முன்பு எதிர்வீட்டுக்காரர் இறந்து ஒன்பதாம் நாள் பிரார்த்தனையில், பக்கத்து வீட்டு நெரெய்தா செய்துகொண்டு வந்த மங்கூவை மறைவாக நின்று சாப்பிட்டேன். பாதிரியார் ஜெபத்தை ஒன்றரை மணி நேரம் இழுத்தார். அத்தனை நேரம் தட்டில் ஆறிக் கிடந்தும் அது குழந்தையின் கன்னம்போல் இருந்தது. அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். அவள் அதில் எதைப் போடுகிறாள்?

மறைவாக நின்று சாப்பிட்டதற்குக் காரணம் உண்டு. எர்சிலியாவுக்கும் நெரெய்தாவுக்கும் பதின்மூன்று வருடமாகப் பேச்சில்லை. எல்லாம் வாழையால் வந்தது. எங்கள் பக்கத்து வேலியோரம் எர்சிலியா ஒரு வாழை நட்டாள். வாழை சும்மா நிற்காது, பக்கக்கன்று விட்டு விட்டு நடக்கும். இது நெரெய்தாவின் சமையலறையைக் குறிவைத்து வருடத்துக்கு ஒரு அடி நடந்தது. பன்னிரண்டாம் வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, நான்கு ஆள் தூக்கும் குலை ஒன்றைத் தள்ளியது. நெரெய்தா வெட்டிக்கொண்டாள். வாழை என்னுடையது என்றாள் இவள். மண் என்னுடையது என்றாள் அவள். அவ்வளவுதான். நெரெய்தா வீட்டிலிருந்து ஒரு தட்டு எங்கள் வாசல்படி ஏறினால் எர்சிலியா பட்டினியே கிடப்பாள். ஆகவே மங்கூவை வாங்கிவர வழியில்லை. ரகசியத்தை வாங்கிவரலாம்.

ஓய்வு பெற்றபோது நிலையத்தில் எனக்கு ஒரு பழைய ஏணியைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு அதை எங்கள் அவகாடோ மரத்தில் சாத்தி, கையில் ஒரு கத்தரியோடு, கிளை வெட்டுகிறவன்போல் ஏறினேன். மேலே போனால் நெரெய்தாவின் சமையலறை சன்னல் நேராகத் தெரியும். காய் உரித்தாள், என்னைப் போலத்தான். வேகவைத்தாள், வடித்தாள், வெண்ணெய் போட்டாள், மசித்தாள். எல்லாம் என்னைப் போலத்தான். பிறகு பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாள். எதையோ எடுத்தாள். முதுகு மறைத்தது. எதையோ ஊற்றினாள். திரும்பவும் மசித்தாள்.

என்ன அது? ஆட்டுப்பாலா? தேங்காய்ப்பாலா? முட்டை வெள்ளையா? எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. கழுத்தை இன்னும் ஒரு முழம் நீட்டினேன். ஒட்டகச்சிவிங்கி பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். கையிலிருந்த கத்தரி நழுவி அவளுடைய தகரக் கூரைமேல் விழுந்து, உருண்டு, சன்னலுக்கு நேராகத் தொப்பென்று இறங்கியது.

நெரெய்தா சன்னலுக்கு வந்து மேலே பார்த்தாள். கொஞ்சமும் அவசரப்படாமல் கேட்டாள்.

"தோன் மில்சியாதேஸ், எங்க வீட்ல தீ பிடிச்சிருக்கா?"

இல்லை, கிளை வெட்டுகிறேன் என்றேன். முப்பத்திரண்டு வருட வேலையில் ஒரு தீக்கும் இவ்வளவு சீக்கிரம் ஏணி ஏறாதவர், பூகூட விடாத மரத்தில் விடியற்காலையில் என்ன வெட்டுகிறார் என்று அவள் கேட்டாள். இதற்குமேல் பொய் சொல்ல வயதில்லை. எர்சிலியாவின் பற்கள், இரண்டு வாரப் பட்டினி, குளுக்கோஸ் ஊசி எல்லாவற்றையும் ஏணியில் நின்றபடியே சொன்னேன். நெரெய்தாவின் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள். நானும் இறங்கினேன்.

"தோன்யா நெரெய்தா, அந்தக் குளிர்பெட்டியிலேருந்து என்ன எடுத்தீங்க? அத மட்டும் சொல்லிடுங்க. ஆறு வருஷமா எனக்குத் தூக்கமில்ல."

"தண்ணி," என்றாள்.

"என்ன தண்ணி?"

"தண்ணிதான். ஐஸ் தண்ணி. மசிச்ச சூட்டோட ஒரு டம்ளர் விட்டு அடிச்சீங்கன்னா அப்புறம் இறுகாது. தீயணைக்கிறவரு நீங்க. இதக்கூட உங்களுக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கச் சூட்டின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினவன், வாழைக்காய் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நான் புதுப்பொண்ணா இந்தத் தெருவுக்கு வந்தப்போ ஒருத்தி சொல்லிக் கொடுத்தா. உங்க எர்சிலியாதான்."

அப்படியானால் எங்கள் வீட்டில் ஏன் செங்கல்? அது உங்கள் வீட்டு விஷயம், அவளிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நெரெய்தா உள்ளே போனாள். திரும்பி வந்து நான்கு வாழைக்காயை வேலிக்கு மேலே நீட்டினாள். எந்த வாழையில் காய்த்தது என்று எர்சிலியா கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கட்டளை.

அடுப்பைப் பற்றவைத்தேன். உரித்து, வேகவைத்து, வடித்து, மசித்தேன். ஐஸ் தண்ணீரை ஊற்றினேன். முதலில் கூழ்போல் ஆகிவிட்டதே என்று பயந்தேன். அடிக்க அடிக்க அது தண்ணீரைக் குடித்துப் பளபளவென்று சேர்ந்துகொண்டது. தட்டில் போட்டு, வெங்காயத்தின் சாற்றை மட்டும் இரண்டு சொட்டு விட்டு, அடுப்படியிலேயே கால் மணி நேரம் காவலிருந்தேன். விரலால் அழுத்தினேன். இறுகவில்லை. பிறகுதான் உள்ளறைக்குப் போனேன்.

எர்சிலியா தட்டைப் பார்த்தாள். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினாள். கைக்குட்டையை நகர்த்தி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வாய். அந்தக் கரண்டி நின்றால் ஆஸ்பத்திரி.

நிற்கவில்லை. ஐந்தாவது வாய்க்குப் பிறகுதான் பேசினாள்.

"ஐஸ் தண்ணி விட்டிருக்கே. காய் நம்ம வாழையோடது. அப்போ நெரெய்தாகிட்ட போயிருக்கே."

போனேன் என்றேன். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நீதான் என்பதும் தெரியும் என்றேன். நாற்பத்தொரு வருடமாக எனக்கு ஏன் ஒருநாள்கூட இப்படிச் செய்து போடவில்லை?

"போட்டேனே. கல்யாணமாகி நாலாம் நாள் காலையில, இதே மாதிரி. தின்னுட்டு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா கிழவா?"

இல்லை.

"'எங்கம்மா பண்ற மங்கூவத் துண்டு போட்டு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வரைக்கும் உடையாது. அதுதான் மங்கூ'ன்னே. அன்னிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி விடல. அடுப்புலயே வச்சு வறட்டி, வறட்டி, தோள்பட்டையே கழண்டு போச்சு. எனக்கு அது தொண்டையில இறங்கவே இறங்காது. ஆனா மாமியார் கைப்பக்குவம் வேணும்னு நீ ஆசப்பட்டுட்டே."

எனக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. சொல்லியிருக்கிறேன். சட்டைப்பை வரைக்கும் சொல்லியிருக்கிறேன். என் அம்மா வாழ்நாளில் மங்கூ செய்ததில்லை. காலையில் ரொட்டிக்கடைக்கு என்னை விரட்டிவிடுவாள். புதுப்பெண் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தன் அம்மாவைப் பற்றி ஏதாவது பெரிதாகச் சொல்ல எந்த மனிதனுக்குத்தான் தோன்றாது? அவள் கெட்டிக்காரி. நான் எண்ணிச் சொன்ன தீயில் எல்லாம் பாதியைக் கழித்தவள், இந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள்.

சொல்லிவிட்டேன். அம்மா செய்ததே இல்லை என்பதை, அந்தக் கெட்டி மங்கூ எனக்கும் தொண்டையில் இறங்கியதில்லை என்பதை, மேசைக்காலை, எல்லாவற்றையும்.

எர்சிலியா கரண்டியைக் கீழே வைத்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. கைக்குட்டை மடியில் விழுந்தது. பொக்கை வாய் முழுவதும் திறந்து அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரையேறின, மூன்று தெரு தள்ளி நாய்கள் குரைத்தன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்ன ஆயிற்று என்று நெரெய்தா குரல் கொடுத்தாள். எர்சிலியா சன்னலருகே போய், பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பதில் சொன்னாள்.

"வாழை என்னுது."

"மண்ணு என்னுது," என்றாள் அவள்.

"காய் நல்லா இருக்கு."

வந்து உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நான்கு காயையும் சேர்த்துத்தான் அடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு குளுக்கோஸ் பேச்சே எழவில்லை. மே மாதம் பல்செட் வந்தது. அந்தப் பல்லோடு முதல்நாள் காலை அவளே அடுப்படிக்குப் போனாள். இரண்டு தட்டு வைத்தாள். அவள் தட்டில் குழந்தைக் கன்னம், கூடவே சலாமி, பாலாடைக்கட்டி, முட்டை, மேலே வெங்காயம். என் தட்டில் செங்கல்.

"உங்கம்மா கைப்பக்குவம். நாப்பத்தொரு வருஷம் நான் தின்னேன். இப்போ நீ."

எனக்கு வயது அறுபத்தொன்பது. நூற்றுப்பத்தில் என் தண்டனை முடியும். அன்று பாதியைத்தான் தின்ன முடிந்தது. மிச்சத்தை அவள் பார்க்காதபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டோமினோ ஆடப் போய்விட்டேன். எட்டு ஆட்டம் ஆடினேன், மேசையைக் குத்தினேன், சண்டை போட்டேன், ஒரு தடவை நாற்காலியோடு விழவும் செய்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன்.

உடையவில்லை. ஆகவே நான் அன்று சொன்னது முழுப்பொய் இல்லை. எர்சிலியாவிடம் காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையின் இன்னொரு காலும் லேசாக ஆடுகிறது என்றாள்.