கிளட்ச் அக்கா

சட்டையின் நடுப் பொத்தான் அவர் வயிற்றின் மேல் மாட்டமாட்டேன் என்றது. அவள் இழுத்துப் பிடித்து மாட்டினாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்ட புருஷனுக்கு இனி வலிக்கவா போகிறது. "செத்தும் அடம்" என்று முணுமுணுத்தாள். மகன் கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

இருபது வருஷத்துக்கு முன் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தொலைக்காட்சியில் ஒரு சிரிப்புத் தொடரில் நடித்தார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தம்பதி. அவர் தொண்டை கிழியக் கத்துவார். அவள் பக்கத்து சீட்டிலிருந்து நிதானமாகக் 'கிளட்ச்' என்று ஒரே வார்த்தை சொல்வாள், ஊரே சிரிக்கும். கடைத்தெருவில் அவளைக் 'கிளட்ச் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். மூன்று மாதம்கூட ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

சேனல்காரன் முதுகில் குத்திவிட்டான் என்று படுத்தவர்தான். அதன்பிறகு எந்த வேலையிலும் அவர் நிலைக்கவில்லை. அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ் எழுதிக் குடும்பத்தை இழுத்தாள். வீட்டில் அந்தச் சேனல் பக்கமே போகக்கூடாது. பிள்ளை திருட்டுத்தனமாகப் பார்த்தால் அவளே போய் அணைப்பாள், அவர் மனசு நோகக்கூடாதே என்று.

பதினோரு மணிக்கு அந்தத் தொடரைத் தயாரித்தவர் வந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய கதையை ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார்.

"ஜனங்க உன்னைத்தாம்மா பார்த்தாங்க. உன்னை மட்டும் வெச்சே தொடரலாம்னு சேனல்ல கெஞ்சினாங்க. வீடும் குழந்தையும் போதும்னு நீ சொல்லிட்டதா இவன் வந்து சொன்னான். அன்னிக்கு உன்மேல எனக்கு அவ்வளவு கோபம்."

"நான் எப்ப சொன்னேன்?"

 அவர் அவள் கையை விட்டார், தண்ணீர் கேட்டார், குடிக்காமலே எழுந்து போனார்.

இருபது வருஷம் தேற்றியிருக்கிறாள். தலையைக் கோதி, சோறு போட்டு, கூடவே சேர்ந்து சேனலைச் சபித்து.  தான் மாட்டிவிட்ட சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது. ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாமல் நழுவுகிற மனுஷன், இந்தத் தடவை ஒரேயடியாக நழுவிவிட்டார். அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அதே சேனலிலிருந்து கேமராவோடு இரண்டு பேர். சாரைப் பற்றி அம்மா நாலு வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும் என்றார்கள்.

"அம்மா பேச மாட்டாங்க. அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றான் மகன்.

"அதை யாருடா உனக்குச் சொன்னது?"

மகன் திரும்பி விழித்தான். "அப்பாதான் எப்பவும் சொல்வாரு."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவர்கள் அவர் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க உக்காந்தா சார் படத்துல வரமாட்டாரும்மா" என்றான் கேமராக்காரன்.

"வரமாட்டார்" என்று சொல்லிவிட்டு, மைக்கை அவன் கையிலிருந்து வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள்.