அத்தான் ‘குடை’ என்று சொன்னபோது

1

இது நான் யோசித்த கதையல்ல, பார்த்த கதை. அக்கா வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பார்த்ததை எழுதுவது சுலபம் என்று நம்பி உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

‘பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த பைக் அநாதையைப் போல...’

வேண்டாம். அது அத்தானின் பைக். அத்தான் உயிரோடு இருக்கிறார். வலது கையும் காலும் பாதிதான் சொன்னபடி கேட்கின்றன. பெரிய அடி பேச்சுக்கு. மனத்தில் ஒன்று இருக்கும், வாயில் வேறொன்று வரும். தண்ணீர் வேண்டுமென்றால் ‘சாவி’ என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடிக்கொள்வார்.

2

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்த பைக்கில்தான் இப்போது போய்வருகிறாள். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே அமுங்கி ‘டக்’கென்று இடித்தது. முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் ஆயில் மாற்ற வேண்டும்.

“மெக்கானிக்கிட்ட விட்டுடேன்” என்றேன்.

“இவர் இருக்கும்போது வேற யாராவது கை வைக்கணுமா?”

(அவள் பைக்குக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அத்தான் பல மாதங்களாகச் சுவரைப் பார்த்தபடியே... இதை விளக்கினால் கட்டுரையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். நான் இன்ஜினுக்கு அடியில் மரப்பெட்டியை முட்டுக்கொடுத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றினோம். ஒவ்வொரு நட்டுக்கும் அவள் ஒரு ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுவாள். சரியென்றால் தலையாட்டுவார். இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார்.

3

என் முதல் பிரதியில் இந்த இடம் இப்படி இருந்தது:

‘“பார்த்து! உள்ளே ஸ்பிரிங் இருக்கு, மூடி எகிறும்!” என்று அத்தான் எச்சரித்தார்.’

அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “இவ்வளவு தெளிவா பேசுற ஆளாடா அவர்? அப்புறம் நான் எதுக்கு இந்தப் பாடு படுறேன்?”

நடந்தது இது. கழற்றிய ஃபோர்க் குழாயை அவர் முழங்காலருகே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்மூடியைத் திருகினாள் அக்கா. கடைசிச் சுற்று. முகம் குழாய்க்கு நேர் மேலே.

“குடை” என்றார் அத்தான்.

“மழையெல்லாம் வராதுங்க.”

“குடை! குடை!”

அவள் நிமிரவில்லை. அவர் இடது கையால் அவள் பின்னலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அவள் மல்லாந்து விழுந்தாள். மூடி விருட்டென்று எகிறி, அவள் முகம் இருந்த இடத்தைத் தாண்டி, கூரைத் தகரத்தில் மோதித் தெருவில் உருண்டது.

குழாயிலிருந்து கறுத்த எண்ணெய் மேலே வழிய, அப்படியே தரையில் கிடந்தாள். அவர் பின்னலை விடவில்லை.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: “குடையும் பட்டுனு விரியும், இல்லீங்க? நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் புரியலை.”

அத்தான் அழுதார். (‘விசும்பினார்’ என்று எழுதி அடித்தேன். வாய்விட்டுத்தான் அழுதார்.)

4

அடுத்த குழாயின் மூடியைத் துணியால் பொத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு கழற்றினாள். புது எண்ணெயை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள், ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதைப் போல. இரண்டு குழாய்க்கும் ஒரே அளவு. எல்லாம் பூட்டி முடிந்ததும் அத்தான் எழுந்து நின்று, இடது கையால் ஹேண்டிலை அமுக்கினார். அமுங்கியது, நிதானமாக மேலே வந்தது. இன்னொரு முறை அமுக்கினார்.

“ஒரு சுத்து போயிட்டு வரலாமா?” என்றாள் அக்கா.

“பைத்தியமா உனக்கு? அவர் விழுந்துட்டா?” என்றேன்.

“மெதுவாத்தான் போவேன். பிடிச்சுக்க ஒரு கை இருக்குல்ல.”

அந்த பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

5

நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன.

“வழியில ஒரு வார்த்தை சொன்னார்டா” என்றாள் அக்கா. “சரியான வார்த்தை.”

“என்ன வார்த்தை?”

“நீ எழுதிடுவே” என்று சொல்லிவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

அவள் பெயரை எழுதிப் பார்த்தேன். ‘போதும்’ என்று எழுதினேன். ‘இன்னும்’ என்றும். எல்லாம் என் வார்த்தைகளாகவே இருந்தன. அடித்துவிட்டேன்.

அவர் சொன்னது “             ”.

உங்களுக்கு ஏதாவது கேட்டால், எனக்குச் சொல்ல வேண்டாம்.