அந்தப் பேரில் இங்கே யாருமில்லை

உத்தனப்பள்ளியைத் தாண்டி உள்ளே திரும்பும் ரோட்டில் இருக்கிற அந்தச் சின்ன ஊருக்கு, ஒரு மத்தியான வெயிலில் பைக்கில் வந்த ஒருவர், லே தி ஹோவா என்ற பெண்ணின் வீடு எது என்று விசாரித்தார். டீக்கடை கங்கப்பனிடம் கேட்டார். பால் சொசைட்டியில் திம்மப்பனிடம் கேட்டார். வேப்பமர நிழலில் கொத்தமல்லிக் கட்டு போட்டுக்கொண்டிருந்த பெண்களிடமும் கேட்டார். அந்தப் பேரில் இங்கே யாருமில்லை என்று எல்லோரும் மனசாரச் சொன்னார்கள். கங்கப்பன் அதோடு விடவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் வடக்கத்தி ஆட்கள் தங்கியிருக்கும் ஷெட்டில் கேட்டுப் பாருங்கள் என்று வழியும் சொல்லி, ஒரு டீயும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வந்தவர் போலீஸ்காரர். மஃப்டியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. லே தி ஹோவா என்பவள் அந்த ஊரிலேயே, டீக்கடைக்கு நாலு வீடு தள்ளி வாழ்கிற வெங்கடம்மாளின் மருமகள். வெங்கடம்மாளும் அவள் வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணனும் அன்றைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குப் போயிருந்தார்கள். மகன் நவீன்குமாரும் மருமகளும் ஷூ கம்பெனியில். போலீஸ்காரர் போனும் அடித்துப் பார்த்திருக்கிறார். கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். அது லாக்கருக்குள் கிடந்து அலறி ஓய்ந்தது.

ஊர்க்காரர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊருக்கு அவள் கெம்பம்மா.

வெங்கடம்மாளின் புகுந்த வீட்டு வழக்கம் அப்படி. மருமகள் முதல்முதலாகப் படி ஏறும்போது மாமியார் அவள் காதில் ஒரு பேரைச் சொல்லுவாள். மருமகள் "ஊம்" என்று சொல்லவேண்டும். அதோடு பிறந்த வீட்டுப் பேர் வாசலுக்கு வெளியே நின்றுவிடும். அப்புறம் யாரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், உன் அம்மா வீட்டுக்குப் போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். ஆகவே கல்யாணப் பத்திரிகையிலேயே கெம்பம்மா என்றுதான் அச்சடித்தார்கள். கிருஷ்ணகிரியில் கல்யாணத்தைப் பதிவு செய்தது மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பேரில். அதை ஊரில் யார் கண்டார்கள்?

ஹோவா வியட்நாமிலிருந்து வந்தவள். கிருஷ்ணகிரி போகிற வழியில் இருக்கிற கம்பெனியில் தையல் லைன் பெண்களுக்குப் பழக்கிக்கொடுக்க வந்தாள். அந்த லைனுக்கு நவீன்குமார் சூப்பர்வைசர். மீதியைச் சொல்லவேண்டியதில்லை. காதில் பேர் சொன்ன அன்று, கெம்பு என்றால் என்ன என்று கேட்டாள். சிவப்பு என்றார்கள். எங்கள் ஊரிலும் கல்யாணத்துக்குச் சிவப்புதான் என்று முகமெல்லாம் மலர்ந்து "ஊம்" சொன்னாள்.

வெங்கடம்மாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஓசூர் வந்து இறங்குவதற்குள் தன் நாத்தனார் கதை வரைக்கும் கொட்டியிருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வியட்நாம் மருமகள் வாய்த்தால் விடுவாளா? அங்கே தக்காளி விளையுமா, மாட்டுக்குக் கொம்பு உண்டா, மாமியார் மருமகள் எதற்காகச் சண்டை போடுவார்கள் என்று ராகி களி கிண்டும்போதெல்லாம் கேள்விதான். மருமகளும் சளைத்தவள் இல்லை. கம்பெனியில் பொறுக்கிய தமிழும் வீட்டில் பழகிய கன்னடமும் கலந்து திருப்பிக் கேட்பாள். கருகிப்போன தோசையை "ரிஜெக்ட்" என்று தனியே எடுத்து வைப்பாள். அவள் வந்த பிறகு வெங்கடம்மாளுக்கு வீடு நிறைந்திருந்தது. கட்டிய புருஷன் ஒருநாளும் இவ்வளவு பேசியதில்லை.

அந்த வாரமே மெயில் வந்தது. வேலை விசா மாத முடிவோடு தீர்கிறது. மனைவி என்ற முறையில் தங்க அனுமதி கேட்டு அனுப்பிய மனுவில், குறிப்பிட்ட முகவரியில் இப்படி ஒருவர் வசிக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்ததாக எழுதியிருந்தது. நவீன்குமார் சத்தமாகப் படித்துக் காட்டினான். இதற்கு என்ன அர்த்தம் என்று வெங்கடம்மாள் கேட்டாள். மாத முடிவுக்குள் சரியாகாவிட்டால் கிளம்பவேண்டியதுதான், திரும்ப எப்போது விடுவார்களோ தெரியாது என்றான். அம்மா வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்றுதானே வெங்கடம்மாள் பேரை மாற்றினாள். அந்த மாற்றமே இப்போது மருமகளைப் போகச் சொல்கிறது.

பெங்களூர் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், முகவரி தமிழ்நாடு என்பதால் சென்னையில் உள்ள விசா ஆபீஸுக்குத்தான் எழுதவேண்டும். நவீன்குமார் எழுதினான். இன்னொரு முறை ஆள் அனுப்புவோம் என்று பதில் வந்தது. என்றைக்கு என்று சொல்லவில்லை.

நடுவில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருந்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். கெசட்டில் விளம்பரம் கொடுத்து, அந்தப் பெண்ணின் பேரையே கெம்பம்மா நவீன்குமார் என்று மாற்றிவிட்டால் தொல்லை விட்டதாம். வெங்கடம்மாளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஊரில் மாறின பேர் பேப்பரிலும் மாறினால் என்ன? ஆனால் பாஸ்போர்ட்டில் மாற்ற ஹோவா தன் தேசத்துக்கே போகவேண்டும் என்று தெரிந்தது. அது மட்டுமில்லை. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்குப் பேர் மாறாது என்றாள் ஹோவா. அவள் அம்மாவுக்குக் கடைசிவரை பிறந்த வீட்டுப் பேர்தானாம்.

"அப்புறம் யார் பொண்டாட்டின்னு எப்படிமா தெரியும்?" என்று கேட்டாள் வெங்கடம்மாள்.

"கேட்டா சொல்லுவாங்க அத்தே."

இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று வெங்கடம்மாளுக்கு இத்தனை நாளாகத் தோன்றவேயில்லை. ராத்திரி படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஊரைத் திருத்தப் புறப்பட்டாள். வாசல் வாசலாக நின்று பாடம் எடுத்தாள். லே தி ஹோவா. சொல்லு. இன்னொரு தரம் சொல்லு. திம்மப்பன் பால் அளந்துகொண்டே மனப்பாடம் செய்தார். கங்கப்பன், முன்னால் டீ கொடுத்து அனுப்பிய பாவத்துக்குப் பரிகாரமாக, கடைக்கு வருகிறவர்களையெல்லாம் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கிளாஸை நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கயிறு தாண்டும்போதே அதைப் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டிலும் கெம்பம்மா என்ற பேச்சே கூடாது என்று உத்தரவு. வழக்கத்தை மீறுகிற பயம் வெங்கடம்மாளுக்கு உள்ளுக்குள் இருந்தது. மருமகள் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

போலீஸ்காரர் திரும்ப வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேர் கருப்பசாமி, விருதுநகர் பக்கத்து ஆள், மாற்றலாகி இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவர் பைக்கை நிறுத்துவதற்குள், லே தி ஹோவா வீடுதானே, இப்படிப் போங்க என்றாள் ஒருத்தி. அவர் வாயே திறக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் திம்மப்பன் கைகாட்டினார். பிள்ளைகள் பாடிக்கொண்டே பைக்குக்கு முன்னால் ஓடினார்கள். வெங்கடம்மாளின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் இறுகிப்போயிருந்தது.

நவீன்குமார் ஓவர்டைமுக்குப் போயிருந்தான். சென்னகிருஷ்ணன் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தூணோடு தூணாக நின்றுகொண்டார். மருமகள் தோட்டத்தில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள் வெங்கடம்மாள். கருப்பசாமி உட்காரவில்லை.

"போன தடவை ஒருத்தருக்கும் தெரியாத பேரு. இன்னைக்கு அம்புட்டுப் பேரும் பாடம் மாதிரி ஒப்பிக்காங்க. யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

ஊரையே கேள்வி கேட்டு வளர்ந்த வெங்கடம்மாள், தன்னிடம் ஒருவர் கேட்டதும் திருதிருவென்று முழித்தாள். பேப்பருக்காகக் கட்டிவைத்த கல்யாணங்கள் நிறையப் பார்த்தாயிற்று, வீட்டில் அந்தப் பெண்ணை என்னவென்று கூப்பிடுவீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்று அவர் மறுபடியும் கேட்டார். கெம்பம்மா என்று சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டது அவள்தான். ஹோவா என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் வாய் திறந்து திறந்து மூடியது. கருப்பசாமி ஃபைலைப் பிரித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்து, வாசல் கம்பத்தில் கட்டியிருந்த சிவப்பு பல்பு எரிந்தது.

தோட்டத்து மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் அந்த வாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சாமிக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் அந்த பல்பு. பல்பு எரிந்ததும் வீட்டிலிருப்பவர் கத்தவேண்டும், கிணற்றடியில் இருப்பவர் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கவேண்டும். நட்ட தக்காளி நாற்று அன்றைக்குத் தலை தொங்கிக் கிடந்தது. பல்பைப் பார்த்த மாத்திரத்தில் வெங்கடம்மாளுக்குப் போலீஸும் மறந்தது, விசாவும் மறந்தது.

"கெம்பம்மா, கரண்ட்டு வந்துருச்சு, மோட்டாரு போடு!"

தோட்டத்துக்குள்ளிருந்து உடனே கன்னடத்தில் பதில் வந்தது. "ஆய்த்து அத்தே!" கூடவே மோட்டார் உறுமுகிற சத்தம்.

கத்தி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று வெங்கடம்மாளுக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று தூணைப் பிடித்துக்கொண்டு, இருந்த உண்மையை ஒன்றுவிடாமல் சொன்னாள். காதில் சொன்ன பேரையும் சொன்னாள், ஊருக்குப் பாடம் எடுத்ததையும் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முழங்கால்வரை சேறும் தலையில் துண்டுமாக ஹோவா வரப்பில் ஏறி வந்தாள். மடை திருப்பிய மண்வெட்டி கையில் இருந்தது. வந்தவரைப் பார்த்து, அவர் யாரென்று தெரியாமலே, உட்காருங்க சார், நீர்மோர் குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

கருப்பசாமி அவளைப் பார்த்தார், சேற்றுக் காலைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் வந்து இம்புட்டு நாளாச்சு, எனக்கே இந்தக் கன்னடம் வரலை. சொல்லிக் குடுத்து வர்றதா இது?" என்றவர் மோரை வாங்கிக்கொண்டார். "இதை மனுவுலயே எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்மா. ரெண்டு பேரு இருந்தா 'என்கிற'ன்னு எழுதுவோம். ஊருல பாதிப் பேருக்கு அப்படித்தான்."

எழுதவும் எழுதினார். லே தி ஹோவா என்கிற கெம்பம்மா மேற்படி முகவரியில் கணவர் குடும்பத்துடன் வசித்து வருகிறார். விசா கிடைத்த மெயில் மாத முடிவுக்கு முன்பே வந்துவிட்டது, அது பிறகு. அன்றைக்கு அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியதும் சென்னகிருஷ்ணன் தூணை விட்டு வந்து மருமகள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

கருப்பசாமி சாட்சிக் கையெழுத்துக்கு வெங்கடம்மாளின் பேரைக் கேட்டார். சொன்னாள். எழுதப்போனவர் நிறுத்தி, இந்த வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கும் காதில் சொன்னார்களா என்றார். ஆமாம் என்றாள். அப்படியானால் அதற்கு முன்னால் என்ன பேர் என்றார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

இந்த வீட்டில் காலடி வைத்த நாளாக அதை யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாது. வெங்கடம்மாள் ஒருமுறை வாசற்படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பூங்காவனம்ங்க. காவேரிப்பட்டினத்துல ஸ்கூல்ல அதான் பேரு. எனக்கும் அந்த 'என்கிற' போட்டு எழுதுங்க சார்."

ஆதாரில் இருக்கிற பேரே போதும் என்றார் அவர். இருந்தாலும் எழுதுங்கள் என்றாள். எழுதினார். வெங்கடம்மாள் என்று வழக்கமான கையெழுத்தை வேகமாகப் போட்டவள், பக்கத்தில் பூங்காவனம் என்று மெதுவாக எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து குண்டு குண்டாக வந்தது.

பைக் போன பிறகு, ஹோவா விடவில்லை. பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகியவள், கையெழுத்துப் போடும்போது எட்டிப் பார்த்திருக்கிறாள். பூங்காவனம் யார், அதற்கு என்ன அர்த்தம், ஏன் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். நான்தான் அது என்றாள் வெங்கடம்மாள். பூ நிறைந்த தோட்டம் என்று அர்த்தம் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வாசற்படியைக் காட்டினாள்.

ஹோவா சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, மாமியாரின் தோளைப் பிடித்து, அவள் காதில் அந்தப் பேரைச் சொன்னாள்.

"ஊம்" என்றாள் வெங்கடம்மாள்.