சிவப்புக் காரின் புகை போன வழி

வில்லாம்பாறை திருமலைச்சாமியின் பூண்டுக் கொட்டகையில் நின்ற சிவப்புக் காரை ஸ்டார்ட் செய்தால், புகை அதன் பின்குழாயில் வராது. அவருடைய மருமகள் பாண்டிச்செல்வியின் வாயில் வரும். அவள் அடுப்படியில் இருந்தாலும் வரும், காட்டில் கேரட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் வரும், கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் வரும். நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை, பெட்ரோல் வாடையோடு. வாயை இறுக்கி மூடிக்கொண்டால் மூக்கு வழியாக வந்தது. ஏலக்காய் மென்று பார்த்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தாள். ஒரு டாக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் பளிச்சென்று இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்க நின்ற நேரத்தில், இங்கே மலையில் மாமனார் சாவியைத் திருகியிருக்கிறார். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, மொட்டை போட்ட கையோடு பீடியா என்று முகத்தைச் சுளித்தார். டப்பாவை வாங்காமலேயே அவள் பஸ் ஏறிவிட்டாள்.

கார் அவள் புருஷன் பிரசாந்த் வாங்கியது. கொடைக்கானலில் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஏரிக்கு மேலே ஒரு பங்களாவைக் காலி செய்தபோது ஷெட்டில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டான். பார்த்த நாளிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை அவனுக்கு. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் உடம்பு, மேல்மலை ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசும். பூண்டும் உருளையும் விளைகிற ஊருக்கு இது எதற்கு என்று கேட்காதவர் இல்லை. அவன் சிரித்துவிட்டு, துணியை நனைத்து மறுபடியும் துடைக்க ஆரம்பிப்பான். நிறுத்த வேறு கூரை இல்லாததால் கார் பூண்டுக் கொட்டகைக்குள் போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மலைப்பூண்டைப் பறித்ததும் விற்றுவிட மாட்டார்கள். கத்தை கத்தையாகக் கட்டிக் கொட்டகைப் பரணில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். புகை குடித்த பூண்டு முளைக்காது, அழுகாது. சுவரில் எங்கே ஓட்டை இருந்தாலும் பழைய சேலைத் துணியை நனைத்துத் திணித்துவிடுவார்கள். புகை உள்ளேயே நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. இந்த வேலையில் பிரசாந்தின் அம்மா பொன்னுத்தாயை மிஞ்ச மேல்மலையில் ஆள் கிடையாது. அவள் புகைக்கு அடியிலேயே பிறந்தவள், புகைக்கு அடியிலேயே பிள்ளை பெற்றவள். புகையால் பூண்டு பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். புகையால் மனிதன் சாவான் என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஈரத்துக்குப் பயந்து பிரசாந்த் தினமும் கொட்டகைக்குள்ளேயே காரை ஓடவிட்டு வைத்தான். வடுகபட்டியிலிருந்து வந்த வியாபாரி ஒரு பூண்டை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மூட்டைகளைத் திருப்பிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. பாண்டிச்செல்விக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான், அதை அவளே மறுக்க மாட்டாள். "அந்தக் காரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க, போங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அவன் போனான். குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுக் கேட்டபடி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெள்ளனே பால் கறக்கப் போன திருமலைச்சாமி கொட்டகைக் கதவைத் திறந்தபோது மகன் உடம்பு விறைத்துக் கிடந்தது. புகை ஏறிச் செத்திருக்கிறான் என்பது தெரிந்தது. மற்றதை ஊரே முடிவு செய்துகொண்டது. பெண்டாட்டி சொன்ன சொல் பொறுக்காமல் பையன் தன்னை முடித்துக்கொண்டான். பொன்னுத்தாய் மாரில் அடித்துக்கொண்டு, "எம்புள்ளைய வாயாலயே கொன்னுட்டா" என்று கத்தினாள். அந்த வார்த்தை வில்லாம்பாறையில் இன்றுவரை யாருக்கும் மறக்கவில்லை.

பிறகு திருமலைச்சாமி வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட ஆரம்பித்தார். மகன் தொட்ட பொருள், பேட்டரி செத்துவிடக்கூடாது என்பார், வேறொன்றும் பேச மாட்டார். அப்படி முதல் வெள்ளிக்கிழமைதான் பாண்டிச்செல்வியின் வாயில் புகை வந்தது. ஊரில் ஒருவரும் பயப்படவில்லை, வாயால் கொன்றவள் வாயில் புகை வருவது நியாயம்தானே என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள். ஒரு இளவட்டம் போனில் படம் எடுத்துப் போட்டான். மலைக்குளிரில் யார் வாயிலும் புகை வரும் என்று கீழ்நாட்டுக்காரர்கள் எழுதியதும் அதுவும் அடங்கிப்போனது. பாச்சலூரில் இருந்த அவள் அண்ணன், பிள்ளைகளுக்கு வீசிங் இருக்கிறது, நீ இப்போதைக்கு இங்கே வரவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டான். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்து, வேறுவேறு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாண்டிச்செல்விக்குப் புகைகூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கா அந்த மனுஷன் செத்தார் என்ற கேள்வி, சோற்றில் கல்லாக, தினமும் பல்லில் பட்டது.

இப்படி இரண்டு வருடப் பூண்டு விளைச்சல் போன பிறகு, கார் சரியாக ஓடவில்லை என்று திருமலைச்சாமி முனகத் தொடங்கினார். ஸ்டார்ட் ஆகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூச்சு முட்டி அடங்கிவிடுகிறது, இன்ஜின் கொதிக்கிறது. பாண்டிச்செல்வி பாலசமுத்திரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெயமுருகனுக்குப் போன் போட்டாள். பிரசாந்தின் ஜீப்பை வழக்கமாகப் பார்த்தவன் அவன். முன்கோபி, வாய் ஓயாமல் வெற்றிலை போடுகிறவன். பைக்கில் பையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தான். கொட்டகை வாசலில் ஊர் கூடிவிட்டது. அவன் காரை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய், குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தான். காற்றே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பாண்டிச்செல்வி வாயிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. வந்து அவள் வாய்க்கு முன்னால் அதே கையை நீட்டிப் பார்த்தான்.

"இங்க நல்லா வருது. அங்க வரல. எங்கயோ அடைச்சிருக்கு தங்கச்சி. போற வழி இல்லேன்னா புகை கெடைச்ச வழில போகும்" என்றான்.

வருடக் கணக்கில் அவளைப் பற்றி ஒருவர் பழி இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

இன்ஜினில் ஒரு மீட்டரை மாட்டி வேகத்தைக் கூட்டினான். முள் மெல்ல மெல்ல இறங்கிப் படுத்தது. அடைப்பு நிச்சயம் என்று அதற்கு அர்த்தம். எந்த இடம் என்றுதான் தெரியவேண்டும். குழாயை முன்னாலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றப்போவதாகவும், கழற்றிய இடத்துக்குப் பின்னால் அடைப்பு இருந்தால் இன்ஜின் மூச்சு விட்டுவிடும், அவள் வாயில் புகை நின்றுவிடும் என்றும் சொன்னான். ஆக அவளையும் ஒரு மீட்டராக வைத்துக்கொண்டான். "நீ பேசிக்கிட்டே இரு. வாயை மூடினா எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மல்லாந்து காருக்கு அடியில் புகுந்தான். என்ன பேசுவது என்று கேட்டாள். எதையாவது பேசு என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அவள் அந்தச் சாயங்காலத்தைப் பேசினாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. வியாபாரி மூட்டையைத் திருப்பியது, தான் கத்தியது, புருஷன் போர்வையை எடுத்துக்கொண்டு போனது, போகும்போது அடுப்பிலிருந்து ஒரு சுட்ட உருளைக்கிழங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. சாகப்போகிறவன் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு போவானா என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பொதி புகை வந்தது, கண் எரிந்தது, நிறுத்தாமல் பேசினாள். திருமலைச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பொன்னுத்தாய் கேட்கப் பொறுக்காமல், மெக்கானிக்குக் காபி போடுகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டாள். முதல் இணைப்பைக் கழற்றியபோது கார் உறுமியது, அவள் வாய்ப் புகை அறுந்தது. மறுபடி மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினான், அப்போதும் அறுந்தது. சைலன்சருக்கும் பின்னால் இருந்த கடைசித் துண்டைத் தனியே கழற்றி எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தபோது வந்தது ஒரு துணிச் சுருள். வெளிப்பக்கம் கரிந்து, நடுவில் நிறம் போகாமல் இருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கட்டம். மாமியாருடைய சேலை அது. எத்தனையோ தடவை ஓடையில் அடித்துத் துவைத்துக் காயப்போட்ட கை பாண்டிச்செல்வியுடையது, தெரியாமல் போகுமா. ஜெயமுருகன் காருக்கு உள்ளே தலையை விட்டு, கியர் கம்பிக்குக் கீழே ரப்பர் கிழிந்து தரை தெரிவதைக் காட்டினான். "முன்னாடி ஜாயிண்ட் ஏற்கெனவே கசிஞ்சிருக்கு. பின்னாடி துணியை வச்சதும் புகை திரும்பி, இந்த ஓட்டை வழியா உள்ள ஏறியிருக்கு. அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது. தூங்கிட்டான், அம்புட்டுத்தான்" என்றான்.

அப்போது பொன்னுத்தாய் காபி டம்ளரோடு வந்தாள். துணியைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அதுதான் கொடுமை. "அது நான் திணிச்சதுதான்" என்றாள், சாதாரணமாக. "யாவாரி மூட்டையத் திருப்புன அன்னிக்கு, பூண்டுல வாடை ஏறுதுன்னு கம்பால குத்தி வச்சேன். ஓட்டையை அடைச்சா புகை அதுக்குள்ளயே நிக்கும்ல." புகை அவள் நினைத்தபடியே நின்றிருக்கிறது.

இந்த இடத்தில் பாண்டிச்செல்வி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், வயசான மனுஷி தெரியாமலேயே கண்ணை மூடியிருப்பாள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் புகை வந்ததில்லை. அவள் துணியை விரித்துப் பிடித்து, மெக்கானிக் சொன்னதை ஒன்று விடாமல், நிதானமாக, ஊருக்கே கேட்கும்படி மாமியாருக்குச் சொன்னாள். "நான் கொல்லல அத்தே" என்று முடித்தாள். பேசும்போது வாய் சுத்தமாக இருந்தது. பொன்னுத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். திருமலைச்சாமி பெண்டாட்டியைப் பார்க்காமல் எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் முற்றாத பூண்டையெல்லாம் தோண்டிப் போட்டுவிட்டார். ஜெயமுருகன் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, காரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் குழாயில் கை வைத்தான். அங்கே புகை வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வாயைத் திறந்த பொன்னுத்தாயிடமிருந்து வந்தது. அவன் அவளைப் பார்த்தான், குழாயை எட்டிப் பார்த்தான். "பைப் சுத்தமா இருக்கு. என் சோலி முடிஞ்சிச்சு" என்று சொல்லிக் கைகழுவப் போனான்.

காரை ஒட்டன்சத்திரம் மண்டிக்காரர் வேலுச்சாமி வாங்கிக்கொண்டு போனார். விஷயத்தை மறைக்காமல் சொன்னார்கள். புகையே வராத வண்டி என்றால் டெஸ்டில் சுலபமாகப் பாஸாகுமே என்று அவர் சந்தோஷப்பட்டார். அவர் இருட்டு விலகும் முன் தக்காளி ஏலத்துக்குக் கிளம்பும்போது மேலே பொன்னுத்தாய் வாயில் புகை கிளம்புகிறது. மதியம் அவர் சாப்பிட வீடு திரும்பும்போது மறுபடியும். மார்க்கெட் லீவு என்றால் அவளுக்கும் லீவு. ஊர் எந்தக் கூச்சமும் இல்லாமல் பேச்சை மாற்றிக்கொண்டது. மருமகளைச் சொன்ன அதே வாய்கள் பொன்னுத்தாயைப் பிள்ளையைத் தின்னவள் என்றன, அதே குழாயடியில், அதே குரலில். பாண்டிச்செல்வி குடத்தை இடுப்பில் வைத்தபடி அதைக் கேட்டாள். இரண்டு வருடமாக எதிர்பார்த்தது கிடைத்தும் மனதில் சந்தோஷம் வரவில்லை, வெறும் அசதிதான் வந்தது.

பழி நீங்கியதும் பாச்சலூர் அண்ணனே போன் செய்து, பொட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்றான். அவள் கட்டினாள். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி, மாமியார் படுக்கும் உள்ளறையைத் தாண்டும்போது கதவுக்கு அடியிலிருந்து புகை வழிவதைப் பார்த்தாள். மண்டிக்காரர் கிளம்பிவிட்டார் என்று தெரிந்தது. கதவைத் தள்ளினால், ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழந்துணியைத் திணித்துவிட்டு, நடுவில் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"சாத்திட்டுப் போ புள்ள" என்றாள் இருமிக்கொண்டே. "எம்புள்ளைக்கு எம்புட்டு நேரம் ஆச்சுன்னு பாக்குறேன்."

பாண்டிச்செல்வி பெட்டியைக் கீழே வைத்தாள். துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். கதவை விரியத் திறந்து, அம்மிக்கல்லை உருட்டி வந்து முட்டுக் கொடுத்தாள். பஸ் கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. இன்னும் வேறுவேறு மூலையில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் இரவில் பாண்டிச்செல்வி அந்த உள்ளறை நிலைப்படியிலேயே பாயை விரித்து, கதவு சாத்த முடியாதபடி குறுக்கே படுத்துக்கொள்கிறாள். தை மாதத்தில் உறைபனி வாசல் தாண்டி உள்ளே வரும். வெள்ளனே உள்ளேயிருந்து புகை வரும். இரண்டுக்கும் நடுவில் அவள் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.