ஐம்பத்திரண்டு தங்கக் குருணைகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது டில்லி கோல் மார்க்கெட்டில், மாடி வீட்டில் குடியிருந்த சாந்தகுமாரியிடமிருந்து. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சின் அளவைக் கணிப்பது அவர் வேலை. "நீங்க யோசிச்சிக்கிட்டிருக்கிற நேரத்துல தங்கம் செத்துக்கிட்டே இருக்கும் சார்" என்றார் ஒருநாள். எனக்கு எழுதக் கை பரபரத்தது.

முதல் தொடக்கம்: ‘1984 ஜனவரி. டில்லியைப் பனிமூட்டம் போர்த்தியிருந்த ஒரு—’

கூடாது. போர்த்தாத ஜனவரி ஏது?

2

இரண்டாம் தொடக்கம். கலியமூர்த்திக்கு ஐம்பத்தேழு வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கதிர்வீசும் தங்கத்தைக் குருணை குருணையாக ஊசி வழியே சுரப்பிக்குள் பதித்து, அங்கேயே விட்டுவிடுவது சிகிச்சை. புதன் நண்பகலில் நாற்பது குருணை போதும். பம்பாய் அணு நிலையத்தில் கேட்டது ஐம்பத்திரண்டு. [அதன் வீரியம் மூன்று நாளுக்குள் பாதியாகிவிடும். ஆகவே உபரி.]

மூட்டத்தால் விமானம் ஒரு நாள் தாமதம். வியாழன் காலை பத்து மணிக்குப் பொட்டலம் வந்ததும் சாந்தகுமாரி மறுபடி கணித்தாள். (கதைக்குள் வந்ததும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிட்டார். பொறுத்தருள்வாராக.) பன்னிரண்டரை வரை ஐம்பத்திரண்டு போதும். அதன்பின் ஐம்பத்து மூன்று வேண்டும். ஐம்பத்து மூன்றாவது இல்லை.

அடுத்த பொட்டலத்துக்குக் காத்திருக்கலாமே என்பீர்கள். ஊசி பதிக்கத் தெரிந்த டாக்டர் சேஷன் லண்டனிலிருந்து வந்தவர், மறுநாள் திரும்புகிறார்.

3

இங்கே என் பாத்திரத்தின் மீது எனக்கே சந்தேகம். கலியமூர்த்தி தங்கக் கட்டுப்பாட்டுத் துறையில் சூப்பரின்டெண்டென்ட். உரிமம் இல்லாதவர் கட்டித் தங்கம் வைத்திருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். இருபது ஆண்டுகள் பிஸ்கட் பிஸ்கட்டாகப் பறிமுதல் செய்தவர், சம்மதப் படிவத்தில் கையெழுத்திட மறுத்தார். நம்பும்படியாக இல்லை என்று நீக்கினேன். நீக்கியபின் கதையில் ஊசி மட்டுமே மிஞ்சியது. திரும்ப வைத்தேன்.

"நகையா இருந்தா பரவாயில்லம்மா. இது வெறும் தங்கம். ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிடறேன்."

"ஜல்தி சார். அம்பத்திரண்டையும் சேர்த்தா ஒரு மோதிரத்துக்குக் காணாது."

"எடையா முக்கியம்? டிராஃப்ட் போட்டு ஒருதரம் பார்த்துக்கறேன்."

அவர் மனைவி லீலாவதி கட்டிலருகே நின்றிருந்தாள். "ஏன், நீங்க துபாய்லேர்ந்தா இறங்கினீங்க? முதல்ல உசிரோட எழுந்து வாங்க. நானே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிப் பிடிச்சுக் குடுக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு வரியை அடித்தார். அடித்ததற்கு மேல் இன்னொன்று எழுதினார்.

4

ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, நான் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேலுள்ள பகுதியை ஏழு முறை எழுதினேன். ஏழாம் முறை நிமிர்ந்தபோது கதைக்குள் மணி பத்து ஐம்பது.

சாந்தகுமாரி கடிதத்தைப் பிடுங்கினாள். ஓரத்தில் 51 என்று எழுதி, அடித்து, 52 என்று எழுதினாள்.

"நான் வந்தப்போ அம்பத்தொண்ணு போதும். இப்ப அம்பத்திரண்டு. ‘ஐ பெக் டு’ன்னு எழுதி ‘ஐ ஹேவ் தி ஹானர் டு’ன்னு மாத்தின நேரத்துல ஒரு குருணை போயிடுச்சு சார்."

கலியமூர்த்தி அந்த இரண்டு எண்களையும் பார்த்தார். திருத்தம் என்றால் என்னவென்று தெரிந்தவர். படிவத்தை வாங்கி, படிக்காமல், கையெழுத்திட்டார்.

5

முடிவு (அ): பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கடைசிக் குருணை இறங்குகிறது, எல்லோரும் கைதட்டு— ஆபரேஷன் அறையில் யாரும் கைதட்டுவதில்லை.

முடிவு (ஆ): ஐந்தாண்டுகள் கழித்து, கலியமூர்த்தி— அது எனக்குத் தெரியாது. சொல்லாமலே சாந்தகுமாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இது: மணி பன்னிரண்டு பத்து. நாற்பத்தொன்று இறங்கிவிட்டது. சேஷனின் கை அடுத்த ஊசியில் இருக்கிறது. நான் இன்னொரு வாக்கியம் எழுதினால் அதைத் திருத்துவேன். திருத்தினால் அங்கே நேரம் போகும். ஆகவே, இருக்கும் பிழைகளோடு வெளியேறுகிறேன். சாந்தகுமாரி உதட்டுக்குள் எண்ணுகிறாள்.

நாற்பத்திரண்டு.

அடுத்ததை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.