நேற்றைய பக்கம்

பட்டறையில் எனக்குத் 'தொரை' என்று பெயர். வைத்தவன் என் மச்சினன். சூப்பர்வைசர் வேலைக்கு இருவரும் ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போனோம். தகர டப்பா அடிக்கும் பிரஸ் மெஷின் தும்மினால்கூடக் காரணம் சொல்லக்கூடியவன் அவன். தமிழில் பதில் சொன்னான் என்று மெஷினுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் என் மகள் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு இங்கிலீஷ் வாக்கியங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன், வேலை எனக்கு. அவனுக்குத் துளிப் பொறாமை இல்லை. "எங்க மாமா இங்கிலீஷ்ல பிச்சு உதறுவாரு" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தான்.

ஷிப்ட் முடிந்ததும் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும். எனக்கு முன் இருந்தவர் எழுதிய கடைசிப் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதினேன். தேதியை மட்டும் மாற்றினேன். மறுநாள் என் பக்கத்தையே பார்த்து எழுதினேன். மெஷின் எல்லாம் நன்றாக ஓடியது, குறை ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் சாரம். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று மேனேஜர் ஒருமுறை பாராட்டினார். வெட்கங்கெட்டவன், சிரித்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை மச்சினன் வந்தான். "மாமா, மூணாம் நம்பர் மெஷின்ல பிரேக் பிடிக்க மாட்டேங்குது. நிக்க வேண்டிய எடத்துல நிக்காம வழுக்குது. எழுதிடுங்க."

"எழுதிடறேன், போ."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வழுக்குகிறது என்பதை எப்படி எழுதுவது? மகளுக்குப் போன் செய்யலாம். ஆனால் பக்கத்து மேஜையில் கிளார்க் இருந்தார். நேற்றைய பக்கத்தைப் புரட்டினேன்.

எழுதியாயிற்று, மெக்கானிக் சரிபார்த்திருப்பார் என்று நம்பி மச்சினன் மெஷினை ஓட்டினான். புதன்கிழமை தகரத்தை வெட்டும் அச்சு இரண்டாகப் பிளந்தது. அவன் கை தப்பியதே பெரிய காரியம்.

"கவனமில்லாம ஓட்டி ஒடைச்சிருக்க. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"திங்கட்கிழமையே மாமாகிட்ட சொன்னேன் சார். அவரு எழுதியிருக்காரு."

மேனேஜர் ரிப்போர்ட் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "எங்க இருக்கு?"

மச்சினனுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. எழுதியிருப்பதை மேனேஜர் மறைக்கிறார் என்றுதான் அவனுக்குச் சந்தேகம். "மாமா, நீங்க காட்டுங்க" என்றான்.

என் விரல் நகர்ந்தது. பக்கத்தின் நடுவில் ஏதோ ஒரு வரியில் போய் நின்றது.

"பாத்தீங்களா சார்!" என்று அவன் முகம் மலர்ந்தது. மேனேஜர் அந்த வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

விரலை எடுத்தேன். "இதுல இல்ல சார். அவன் சொன்னான். எனக்குத்தான் எழுதத் தெரியல. தினமும் முந்தின நாளைப் பாத்துதான் எழுதறேன்."

மேனேஜர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். "தமிழ்ல எழுதியிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா?" என்றார்.

மச்சினனின் வேலை தப்பியது. என்னுடையது என்னவாகும் என்று தெரியாமலே வெளியே வந்தேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதத் தெரியாதது பரவால்ல மாமா" என்றான். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியத்துலதானே காட்டினீங்க?"