ஏழு மணி மாத்திரை

மூன்றாவது முறையாக அறிவுமதி சிதம்பரத்தைத் தூங்கியே கடந்துவிட்டாள். கடலூரில் ஏறி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்ததுதான் நினைவிருந்தது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது வெளியே கொள்ளிடம் பாலம்.

"சிதம்பரம் டிக்கெட்டுதானம்மா நீ? தொண்ட கிழியக் கத்துனேனே!"

இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போனபோது மணி பத்தேகால். பி.எட். படிப்பவர்கள் நாற்பது நாள் ஒரு பள்ளியில் பாடம் எடுத்துப் பழக வேண்டும். நாள்தோறும் அந்தப் பள்ளி ஆசிரியையிடம் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். புஷ்பவள்ளி டீச்சர் நோட்டைத் தொடவே இல்லை.

"இன்னொரு நாள் லேட்டா வந்த, அடுத்த வருஷம் மொதல்லேருந்து பண்ணு. இருபத்திரண்டாம் தேதி ஒங்க காலேஜ் மேடம் வர்றாங்க, மொத பீரியடு. அன்னிக்காவது வருவியா? ராத்திரியெல்லாம் என்னாதான் பண்ற?"

தூங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தும் பல் தேய்க்கக் கை தூக்குவது அவளுக்கு ஒரு வேலையாக இருந்தது. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வாள். போன வருடம் மே மாதம் பதினோரு நாள் கண் மூடாமல் பேசிக்கொண்டே இருந்தவளை, அரசு ஆஸ்பத்திரி மனநோய்ப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாத்திரை அந்தப் பேச்சை நிறுத்தியது. கூடவே உடம்பையும் பாதி நிறுத்திவிட்டது.

அம்மா ஆரோக்கியம்மாள் தெரு முழுக்கச் சோகை என்று சொல்லி வைத்திருந்தாள். அதனால் முருங்கைக்கீரையும் பேரீச்சையும் வந்துகொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிர்வீட்டு ராசம்மாள் பெரியம்மா ஆட்டுச் சுவரொட்டி வறுத்துக் கொடுத்து, வாயில் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகருவாள். இல்லாத சோகைக்கு ஒரு வருடமாக மண்ணீரல் தின்றுகொண்டிருந்தாள் அறிவுமதி.

டீச்சர் திட்டிய அன்று மாலையே டாக்டரிடம் போனாள். "நீயா நிறுத்திடாத. பத்து மணிக்குப் போடறத ஏழு மணிக்குப் போட்டுப் பாரு. தெனமும் அதே நேரம்" என்றார் அவர். அப்படியே செய்தாள். எட்டு மணிக்குள் கண் சொருகியது. ஆனால் காலை ஐந்துக்கு எழ முடிந்தது. பாரம் முழுதாக இறங்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அளவுக்கு இறங்கியது. இரண்டு வாரம் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

இருபத்தோராம் தேதி வம்பு வந்தது. அக்டோபர் கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், கோயிலிலிருந்து வரும் சிறு சிலை, தினம் ஒரு வீட்டுக்குப் போகும். தெருவே அந்த வீட்டில் கூடி ஜெபம் சொல்லும். அன்று அவர்கள் முறை. இருப்பது ஒரே அறை.

ஏழு மணிக்கு அவள் டம்ளரை எடுத்ததும் அம்மா கையைப் பிடித்தாள். "இன்னிக்கு ஒரு நாளு பத்து மணிக்குப் போட்டுக்கயேண்டி. வீட்டுப் பொண்ணு நீதான் ஜெபமாலைல மொதப் பத்து மணி உருட்டிச் சொல்லணும். நடுவுல சாஞ்சீன்னா ஊரு என்னா பேசும்?"

"பத்து மணிக்குப் போட்டா காலைல எழுந்திரிக்க முடியாதும்மா. நாளைக்கு மேடம் வர்றாங்க."

"அப்ப இன்னிக்குப் போடாத."

"பதினோரு நாளு மறந்துபோச்சா ஒனக்கு?"

அம்மா கையை எடுத்தாள். அறிவுமதி விழுங்கினாள்.

ஏழேகாலுக்கு வர வேண்டிய சுரூபம் எட்டுக்குத்தான் வந்தது. அப்பா லூர்துசாமி அதை வாங்கி மேசைமேல் வைத்தார். முப்பது பேர் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். அவள் நின்றபடியே ஆரம்பித்தாள். ஒவ்வொரு மணிக்கும் முன்பாதியை அவள் சொல்ல வேண்டும், பின்பாதியைக் கூட்டம் சொல்லும். ஐந்தாவது மணியில் நாக்கு தடித்தது. ஏழாவதில் "அருள் நிறைந்த" என்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். கூட்டம் பின்பாதியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. யாரோ இருமினார்கள்.

"பாவம், சோகை ஜாஸ்தியாயிடுச்சு போல" என்றாள் ராசம்மாள். "நாளைக்கே சுவரொட்டி வாங்கியாறேன்."

ஒரு வருடம் தின்றது அத்தனையும் நெஞ்சில் ஏறி வந்தது போலிருந்தது அறிவுமதிக்கு.

"சோகை இல்ல பெரியம்மா. மனசுக்கு மாத்திரை சாப்புடறேன். ஏழு மணிக்குப் போட்டேன், தூக்கம் வருது. நாளைக்கு வேலை இருக்கு, நான் படுக்கணும்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை அப்பா எடுத்தார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று நாலு பேரை நகர்த்தி, மேசைக்குப் பக்கத்தில் விரித்தார். "படு பாப்பா. நீங்க சொல்லுங்கம்மா, இந்தப் பத்துல இன்னும் நாலு மணி பாக்கி இருக்கு." அத்தனை பேர் பார்க்க அவள் படுத்தாள். அடுத்த மணி காதில் விழவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் ராசம்மாள் தன் குடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அம்மா பொரிந்தாள்.

"தெருவே பேசுது. திருப்தியாடி ஒனக்கு?"

"திருப்திதான். எழுந்துட்டேன் பாரு."

பஸ்ஸில் பாதி இருக்கை காலி. சிதம்பரம்வரை நின்றே போனாள். ஒன்பது இருபதுக்கு எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை ஆரம்பித்தாள். ஒருமுறை வார்த்தை வராமல் நின்றது. "இலை ஏன் பச்சையா இருக்கு, யாராவது சொல்லுங்க" என்று கேட்டு, பிள்ளைகள் கத்துவதற்குள் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கடைசி பெஞ்சிலிருந்த மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

"பாடம் சரிதான், குரல்தான் சோர்வா இருக்கு" என்றார் வெளியே வந்து. "ஒடம்பு சரியில்லையா? ஒக்காரும்மா."

"மருந்து சாப்புடறேன் மேடம். ஒக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன். நிக்கறேன்."

புஷ்பவள்ளி டீச்சர் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மணி அடித்தது. அடுத்த வகுப்பு மாடியில், பதினெட்டுப் படி. அறிவுமதி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, முதல் படியில் கால் வைத்தாள்.